என் பேரில் எது வந்தாலும்

பிப்ரவரி 9

அன்புள்ள வாலு,

அண்ணிக்குப் பேனா பிடிக்கக்கூடத் தெரியுமா என்று சிரிப்பாய். சிரித்து முடித்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு படி. படித்ததும் எனக்குப் போன் செய்யாதே. மெசேஜும் அனுப்பாதே. கூரியரில் கடிதம் மட்டும்தான். அதுவும் வீட்டு விலாசத்துக்கு வேண்டாம், தெருமுனை மருந்துக் கடைக்கு அனுப்பு. மருந்துக் கடை அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

துணி காயப்போடுகிற சாக்கில் மாடிக்கு வந்து எழுதுகிறேன். கீழே இருக்கப் பயமாக இருக்கிறது. என் வீட்டில் இருக்க எனக்கே பயம், பார்த்துக்கொள்.

போன மாதம் நீ வந்திருந்தபோது என் டெஸ்க்டாப்பில் மழை பெய்ததே, நினைவிருக்கிறதா? உன் அண்ணன் பழைய இரும்புக்குப் போட இருந்த கம்ப்யூட்டரை வாங்கி, அதில் விண்டோஸை எடுத்துவிட்டு நீ லினக்ஸ் போட்டுக் கொடுத்த நாளிலிருந்து எனக்கு அதுதான் பொழுதுபோக்கு. சிலருக்கு வீட்டைத் துடைத்துத் துடைத்து அலுக்காது, எனக்கு அந்தத் திரை. ஐகானை மாற்றுவேன், கீழே இருக்கும் பட்டையைப் பக்கவாட்டில் வைப்பேன், மறுநாள் மேலே வைப்பேன். அந்த ஒரே திரைக்குள் மாற்றி மாற்றிப் பார்க்க நாலு டெஸ்க்டாப், என் போட்டோ ஸ்டுடியோ வேலைக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று, மகள் படிப்புக்கு ஒன்று. நாலாவது சும்மா, பார்த்துக்கொண்டிருக்க. அந்த நாலாவதில்தான் மழையைப் போட்டேன். யாரோ ஒருவர் தன் திரையைப் படம் எடுத்து ஒரு தளத்தில் போட்டிருந்தார். திறந்து வைத்திருக்கும் பெட்டிகளின் மேல் துளி விழுந்து ஓரமாக வழிந்து இறங்கும். அவ்வளவு அழகு. கீழே ஒரு வரி கொடுத்து, இதை டெர்மினலில், அதுதான் கட்டளை எழுதும் அந்தக் கறுப்புப் பெட்டியில், ஒட்டுங்கள் என்றிருந்தது. ஒட்டினேன். பாஸ்வேர்டு கேட்டது. கொடுத்தேன்.

திட்டாதே. “கறுப்புப் பெட்டி பாஸ்வேர்டு கேட்டா, யாரு கேக்குறாங்கன்னு ஒரு நிமிஷம் யோசிங்க அண்ணி” என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். “லினக்ஸ்ல வைரஸே வராது, நிம்மதியா இருங்க” என்று சொன்னவளும் நீதான். நான் இரண்டாவதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை, ஒரு அம்மாவுக்கு பாஸ்போர்ட் சைஸ் படம் எடுத்து அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். மவுஸில் என் கை இல்லை. அம்புக்குறி தானாக நகர்ந்தது. ஒரு வெள்ளைப் பெட்டி திறந்து, அதில் எழுத்து வர ஆரம்பித்தது. “ஸ்டுடியோ அக்கா, மழை நன்றாக இருக்கிறதா?”

எழுத்து தொடர்ந்து வந்தது. “நேற்று மகளை அழ வைத்துவிட்டீர்களே. வெளியூர்க் கல்லூரியில் சேரட்டும், விடுங்கள்.” அந்தச் சண்டை, இந்தக் கம்ப்யூட்டர் இருக்கும் முன்னறையில் நானும் அவளும் மட்டும் இருந்தபோது நடந்தது. அப்புறம் ஒரு படம் திறந்தது. கல்லூரி விண்ணப்பத்துக்காக நான் எடுத்த படத்தில் இருந்த என் மகளின் முகம். கழுத்துக்குக் கீழே வேறு யாரோ. என்ன கோலத்தில் என்று எழுத என் கை வரவில்லை. நீயே புரிந்துகொள்.

அவன் கேட்பது காசு இல்லை. என் நம்பரிலிருந்து என் வாடிக்கையாளர் எல்லோருக்கும் ஒரு லிங்க் அனுப்ப வேண்டுமாம். “உங்கள் படங்கள் தயார், இங்கே பார்க்கவும்” என்று. நான் அனுப்பினால்தான் நம்பித் திறப்பார்களாம். திறந்தால் அவர்கள் போன் அவன் கைக்குப் போகும், அதை அவனே வெட்கமில்லாமல் சொல்கிறான். மாதக் கடைசி வரை நேரம். இல்லையென்றால் மகளின் படம் எல்லோருக்கும் போகும். எப்படிப் போகும் என்று கேட்கிறாயா? ஒவ்வொருவருக்கும் ஒரு ஃபோல்டர் போட்டு, அதன் பேரிலேயே போன் நம்பரையும் சேர்த்து வைத்திருக்கிறேனே. ‘தையல்கார அக்கா’ என்று போட்டுப் பக்கத்திலேயே நம்பர். தேடச் சுலபம் என்று செய்தேன். அவனுக்கும் சுலபமாகிவிட்டது.

பெண் போட்டோ எடுக்கிறாள், பயமில்லாமல் போகலாம் என்றுதான் இந்தத் தெருப் பெண்கள் என்னிடம் வருகிறார்கள்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அங்கிருந்தே அப்டேட் போட நீ ஒரு வழி வைத்திருக்கிறாய் அல்லவா? வெளியிலிருந்து இந்தக் கம்ப்யூட்டருக்குள் வரச் சாவி உள்ளவள் நீ ஒருத்திதான். இது உன் விளையாட்டு என்றால் இப்போதே சொல்லிவிடு. சத்தியமாகத் திட்ட மாட்டேன். விளையாட்டாக இருக்கட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

உன் அண்ணனுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். போன வருடம் நெஞ்சு வலி வந்ததிலிருந்து இந்த வீட்டில் அவரிடம் எதையும் சொல்வதில்லை என்று உனக்கே தெரியும். குழாய் ஒழுகினால்கூட அவர் வாக்கிங் போகிற நேரம் பார்த்துத்தான் பிளம்பரைக் கூப்பிடுகிறோம். மகளிடமும் சொல்லவில்லை.

சீக்கிரம் எழுது.

அண்ணி


பிப்ரவரி 12

அண்ணிக்கு,

நான் இல்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன். அந்தக் கேள்வியை நீங்கள் கேட்டதில் எனக்குக் கோபமே இல்லை, உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் கேட்டிருப்பேன். என்னிடம் இருந்த சாவியை நேற்றே அழித்துவிட்டேன்.

கடிதம் கிடைத்ததும் முன்னறைக்குப் போய்க் கம்ப்யூட்டரின் கரண்ட் வயரைப் பிடுங்குங்கள். முறையாக ஷட் டவுன் செய்து கொண்டிருக்க வேண்டாம், பிடுங்குங்கள். வைஃபை பெட்டியையும் அணைத்துவிடுங்கள். அலமாரியில் பழைய படங்களை எல்லாம் சேர்த்து வைத்திருக்கும் பேக்கப் டிஸ்க்கை எடுத்துத் துணியில் சுற்றி மருந்துக் கடை அக்காவிடம் கொடுத்துவிடுங்கள். அந்த டிஸ்க் எந்தக் கம்ப்யூட்டரிலும் ஏறக்கூடாது. இப்போது அவனிடம் இருப்பது சமீபத்துப் படங்கள்தான். மிச்சம் எல்லாம் அந்த டிஸ்க்கில் இருக்கிறது, அது இன்னும் அவன் கைக்குப் போகவில்லை. அந்த மட்டில் தப்பித்தோம்.

இப்போது சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். நான் உங்களுக்குப் போன் செய்ய மாட்டேன். என் குரலில் யார் பேசினாலும் அது நான் இல்லை. குரல் மோசடிக்குப் பயந்து நாம் வைத்துக்கொண்ட ரகசியக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னாலும் நான் இல்லை. நாம் அதை எங்கே வைத்து ஒத்திகை பார்த்தோம் என்று யோசியுங்கள். “பழைய ஸ்கூட்டருக்கு என்ன பேரு?” “இருமல்!” என்று நானும் நீங்களும் உங்கள் மகளும் விழுந்து விழுந்து சிரித்தோமே, அந்த முன்னறையில், அந்தக் கம்ப்யூட்டருக்கு முன்னால். அண்ணன் வாக்கிங் போயிருந்த நேரம். மழை அப்போது திரையில் பெய்துகொண்டிருந்தது. நான் அங்கே தங்கியிருந்த அத்தனை நாளும் அந்தக் கம்ப்யூட்டரின் மைக்குக்கு முன்னால் தொண்டை வற்றப் பேசியிருக்கிறேன். என் குரலைப் போலியாகச் செய்துகொள்ள அதில் கால்வாசி போதும் அவனுக்கு.

ஆஸ்பத்திரி முழுக்க உள்ள கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவள் நான். உங்கள் மழையைப் பார்த்து “அட!” என்று வாயைப் பிளந்தேனே தவிர, இது எங்கிருந்து வந்தது அண்ணி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிடித்த பொருள் என்றால் புத்தி கொஞ்சம் தள்ளித்தான் நிற்கிறது.

நேரில் வந்துவிடுவேன். ஆனால் காலில் இன்னும் மாவுக்கட்டு, பாத்ரூமுக்குப் போகவே சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அண்ணனிடம் மூச்சு விடாதீர்கள். அண்ணனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நம்மால் தாங்க முடியாது.

பயமாகத்தான் இருக்கிறது எனக்கும். உங்களுக்குத் தைரியம் சொல்ல வேண்டியவள் இப்படி எழுதக்கூடாது, ஆனாலும்.

வாலு


பிப்ரவரி 13

வாலு கண்ணு,

நேற்று மத்தியானம் உன் குரலைக் கேட்டதும்தான் போன உயிர் திரும்பி வந்தது. போன் செய்யாதே என்று எழுதியவள் நான்தான். ஆனாலும் ஆஸ்பத்திரி நம்பர் என்று நீ சொன்னதும், இருமல் என்று பட்டென்று பதில் வந்ததும், அழுதே விட்டேன். அந்தப் பக்கம் நீயும் அழுதது கேட்டது.

நீ சொன்னபடியே செய்துவிட்டேன். கம்ப்யூட்டரை அணைக்கவில்லை. பேக்கப் டிஸ்க்கை அதில் சொருகி ராத்திரி முழுக்க அப்படியே விட்டேன். அங்கிருந்தே சுத்தம் செய்கிறேன், எல்லாப் படமும் இருந்தால்தான் எதை எடுத்திருக்கிறான் என்று தெரியும் என்றாய். டிஸ்க்கின் சின்ன நீல விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது. நீ உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன். எத்தனை நாளாயிற்று இப்படித் தூங்கி!

இன்று காலையில் அவன் எதுவும் எழுதவில்லை. திரை அமைதியாக இருக்கிறது. துரத்திவிட்டாய்போல.

ஒரு சந்தேகம் மட்டும். நான் கடிதத்தைப் பற்றிப் பேசியதும் “எந்தக் கடிதம்?” என்றாய். உடனே “ஆமா, ஆமா, கடிதம்” என்றாய். கூரியர் வந்து சேர்ந்திருக்காது, வேறு எப்படியோ கண்டுபிடித்துப் போன் செய்திருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். நடுவில் ஒரு தடவை என்னை அக்கா என்றாய். அவசரத்தில் வந்திருக்கும்.

கால் எப்படி இருக்கிறது? போனில் கேட்க மறந்தே போனேன். நீயும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அண்ணி


பிப்ரவரி 15

அண்ணி,

அது நான் இல்லை.

நான் உங்களுக்குப் போன் செய்யவே இல்லை. என் கடிதம் உங்கள் கைக்கு வருவதற்குள் அவன் முந்திவிட்டான். நான் அழுதது கேட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். என் அழுகையைக்கூடச் செய்திருக்கிறான். நான் கடைசியாக அந்த முன்னறையில்தான் அழுதேன், ஊருக்குக் கிளம்பும்போது.

உங்கள் கடிதத்தைப் படித்த நிமிடமே மருந்துக் கடை நம்பரைத் தேடிப் பிடித்து அந்த அக்காவிடம் பேசினேன். “ஓடிப் போய் வயரைப் பிடுங்கச் சொல்லுங்க, மீதியை அவங்ககிட்ட கேக்காதீங்க” என்றேன். கடையைத் திறந்து போட்டுவிட்டு ஓடினார்களாம். நீங்கள் கதவைத் திறக்கவே இல்லை என்று சொன்னார்கள். ஏன் அண்ணி?

டிஸ்க்கில் இருந்ததெல்லாம் போயிருக்கும். உங்கள் ஸ்டுடியோவுக்குள் காலெடுத்து வைத்த ஒவ்வொரு பெண்ணின் படமும், நம்பரும். இனிமேல் இதை நமக்குள் வைத்திருக்க நமக்கு உரிமை இல்லை. வயரைப் பிடுங்குங்கள், போலீஸில் எழுதிக் கொடுங்கள், பிறகு வீடு வீடாகப் போய்ச் சொல்லுங்கள். என் கம்ப்யூட்டருக்குள் ஒருத்தன் புகுந்துவிட்டான், உங்கள் படம் அவனிடம் இருக்கிறது, என் பேரில் எது வந்தாலும் திறக்காதீர்கள், என் வீட்டு பெல்லை அடித்து என் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள் என்று. போனில் சொல்லாதீர்கள். வாயால், நேரில்.

அண்ணன் காதுக்கு மட்டும் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் எல்லோரையும்.

வாலு


பிப்ரவரி 17

வாலுவுக்கு,

ஏன் கதவைத் திறக்கவில்லை என்று கேட்டிருக்கிறாய். மருந்துக் கடை அக்கா வாசலில் நின்று “உங்க நாத்தனார் போன் பண்ணாங்க” என்று கத்தினார். எந்த நாத்தனார்? மூன்று நாள் முன்பு போனில் பேசியவளும் நாத்தனார்தான், அவள் கேட்ட “எந்தக் கடிதம்?” அதற்குள் என்னை அரிக்க ஆரம்பித்திருந்தது. நான் கதவுக்குப் பின்னால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் கடையில் காத்திருந்த உன் முதல் கடிதத்தை அவர் கதவடியில் தள்ளிவிட்டுப் போனார். என் குரலில் யார் பேசினாலும் நான் இல்லை என்ற வரியைப் படித்தேன்.

இப்போது உன் இரண்டாவது கடிதமும் முன்னால் இருக்கிறது. கையெழுத்து உன்னுடையதுதான், கொம்பை எல்லாம் கொக்கி மாதிரி இழுத்திருக்கிறாய். ஆனாலும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உன்னை நான் இப்படிப் பார்க்க வேண்டி வந்ததே என்று ஆத்திரமாக வருகிறது.

வயரைப் பிடுங்கிவிட்டேன். அதற்கு முன் அவன் கடைசியாக எழுதியிருந்ததைப் படித்தேன். கடிதம் எழுதிக்கொள்வது நல்ல பழக்கம் என்று எழுதியிருந்தான். எல்லோருக்கும் அனுப்பக் கஷ்டமாக இருந்தால் பாதிப் பேருக்கு அனுப்புங்கள், யார் யார் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் எழுதியிருந்தான்.

வீடு வீடாகப் போகச் சொல்கிறாய். உனக்கென்ன, சொல்லிவிட்டாய். உனக்குக் கடை இல்லை, பெண் இல்லை. உன் ஆஸ்பத்திரியில் ஒரு கம்ப்யூட்டர் போனால் இன்னொன்று வரும். நான் போய் இப்படிச் சொன்னால் நாளைக்கு என் வாசல்படியை எவள் மிதிப்பாள்? மாத முடிவில் என் பெண்ணின் படம் ஊரெல்லாம் போகும். கடையும் போய், பிள்ளையின் மானமும் போய், அப்புறம் நான் நல்லவள் என்று யார் வந்து சொல்ல வேண்டும்?

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல? நேற்று அடுப்படியில் நின்றுகொண்டு ஆள் பிரித்துக்கொண்டிருந்தேன். ட்யூஷன் டீச்சர் எப்போது பார்த்தாலும் படத்தில் கறுப்பாக இருக்கிறேன் என்று சண்டை போடுவாள், அவளுக்கு அனுப்பலாம். மாடி வீட்டு அம்மா வேறு ஊருக்குப் போய்விட்டாள், அவளுக்கு அனுப்பலாம். தையல்கார அக்கா வேண்டாம், அவளுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். இப்படியே எண்ணிக்கொண்டு போனேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்த பிறகுதான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. அவனைப் பார்த்துப் பயந்ததைவிட அந்த நிமிடம் என்னைப் பார்த்து அதிகமாகப் பயந்தேன்.

ஆனாலும் இன்னும் முடிவு செய்யவில்லை. அதுதான் உண்மை.

அண்ணி


பிப்ரவரி 19

அண்ணி,

உனக்குப் பெண் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அவள் பிறந்தபோது முதலில் கையில் வாங்கியவள் நான். சரி, அது இருக்கட்டும், சண்டையை அப்புறம் வைத்துக்கொள்வோம். ஒழுங்காக ஒரு சண்டை போட எனக்கும் ஆசைதான்.

ஆள் பிரித்ததாக எழுதினீர்கள். எல்லோரும் பிரிப்பார்கள். எழுதிச் சொன்னீர்களே, அதனால்தான் நீங்கள் அனுப்ப மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஆனால் நினைப்பை நம்பி என்னால் இங்கே தூங்க முடியவில்லை.

அவன் சொன்னபடி நீங்கள் கேட்டாலும் அந்தப் படத்தை அவன் அழிக்கப் போவதில்லை. பாதிப் பேருக்கு அனுப்பினால் மீதிப் பேருக்கு அனுப்பு என்பான். இவர்களை நான் வேலையில் பார்த்திருக்கிறேன். கேட்டது கிடைத்த இடத்துக்குத்தான் திரும்பத் திரும்ப வருவார்கள். உங்கள் பயத்தை எவ்வளவு நாள் தின்ன முடியுமோ அவ்வளவு நாள் தின்பார்கள்.

முதலில் உங்கள் மகளிடம் சொல்லுங்கள். அவள் முகம் அது. அவளுக்குத் தெரியாமல் அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நீங்கள் இருப்பது, நாளைக்கு யாரோ ஒருவன் போனை நீட்டும்போது அவள் தனியாக நிற்கத்தான் வழி செய்யும். அவள் பயப்படுவாள், பயப்படட்டும். உங்கள் பக்கத்தில் நின்று பயப்படட்டும்.

அந்தக் கம்ப்யூட்டரைத் திரும்பத் திறக்க வேண்டாம். என் கால் சரியானதும் வருகிறேன், எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக லினக்ஸ் போடுவோம். நாலு டெஸ்க்டாப்பையும் நீங்கள் இஷ்டத்துக்கு அலங்கரிக்கலாம். எது எங்கிருந்து வருகிறது என்று மட்டும் இரண்டு பேரும் பார்த்துப் பார்த்துப் போடுவோம். ஆசைப்பட்டது உங்கள் தப்பு இல்லை அண்ணி. வீட்டு வேலை எல்லாம் முடித்துவிட்டு ஒரு மனுஷி தனக்கென்று கொஞ்சம் மழை பார்த்தாள், அவ்வளவுதான்.

அண்ணனுக்கு மட்டும் வேண்டாம். டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கட்டும்.

வாலு


மார்ச் 1

அன்புள்ள வாலு,

நிறைய எழுத வேண்டும். உட்கார இப்போதுதான் நேரம் கிடைத்தது.

உன் கடிதம் வந்த அன்று சாயங்காலமே மகளிடம் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தேன். முழுக்கக் கேட்டாள். “முகமாவது நல்லா இருந்துச்சா?” என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தாள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். வெளியே வந்து, “எந்த வீட்டுக்கு முதல்ல போறோம்?” என்றாள். “நீ எதுக்கு?” என்றேன். “என் படத்தைத்தானே காட்டி மிரட்டுறான். நான் வந்து நின்னா, நாளைக்கு அவங்க அந்தப் படத்தைப் பார்க்கும்போது என் ஞாபகமும் வரும்ல” என்றாள்.

போனோம். மருந்துக் கடை அக்காவும் கூட வந்தார், போலீஸ் நிலையத்துக்கும் அவர்தான் துணை. அங்கே இருந்த பெண் அதிகாரி எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொண்டார். பிடிப்பது கஷ்டம் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார், ஆனால் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள் என்று அவரும் அதைத்தான் சொன்னார். பிறகு வீடு வீடாக. தையல்கார அக்கா, “உங்களை நம்பித்தானே என் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்தேன்” என்று கத்தினாள். அவள் கத்தியது நியாயம்தான், வாங்கிக்கொண்டு நின்றேன். ஒருத்தி கதவை மூஞ்சியில் சாத்தினாள். ட்யூஷன் டீச்சர் மட்டும் நிதானமாகக் கேட்டுவிட்டு, “என் கல்யாண ஆல்பமும் போச்சா?” என்றாள். போச்சு என்றேன். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தத் தண்ணீரைக் குடிக்க எனக்கு யோக்கியதை இல்லை என்று எனக்குத்தான் தெரியும்.

எல்லா வீட்டிலும் ஒரே பாட்டு. என் பேரில் எது வந்தாலும் திறக்காதீர்கள், பெல் அடித்துக் கேளுங்கள். கூடவே இன்னொன்று. எங்க வீட்டுக்காரர் காதுக்கு மட்டும் இது போக வேண்டாம், அவருக்கு நெஞ்சு சரியில்லை. எல்லோரும் சரி என்றார்கள். கோபமாக இருந்தவர்கள்கூட அதற்குச் சரி என்றார்கள்.

நேற்று மத்தியானம் அவன் அனுப்பினான். என் நம்பரிலிருந்து நான் எதையும் அனுப்பாததால் ஒரு புது நம்பர், அதில் என் முகம், என் ஸ்டுடியோ போர்டு. “நம்பர் மாற்றிவிட்டேன், உங்கள் படங்கள் தயார்.” எனக்கு அது தெரியாது. வாசல் பெல் அடித்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், தையல்கார அக்கா. சண்டை போட வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே திறந்தேன். போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, “இது நீங்களா?” என்றாள். இல்லை என்றேன். “அவ்வளவுதான், அதைக் கேக்கத்தான் வந்தேன்” என்று அழித்துவிட்டாள். அவள் வாசல்படி இறங்குவதற்குள் அடுத்த பெல். அப்புறம் அடுத்தது. டீச்சர், பார்லர் பெண், கதவைச் சாத்தினவள்கூட வந்தாள். ஒவ்வொரு பெல்லுக்கும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒவ்வொரு தடவையும் ஒரு பெண், கையில் போன், அதே கேள்வி. வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒருத்திகூட அந்த லிங்கைத் திறக்கவில்லை வாலு. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அப்போது உள் அறையிலிருந்து உன் அண்ணன் வந்தார். அரை நாள் வேலை முடிந்து வந்து படுத்திருந்தவர். போனைத் தன் உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்திருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஸ்டுடியோவில் அவருக்கும் ஒரு தடவை படம் எடுத்திருக்கிறேன். ‘வீட்டுக்காரர்’ என்று ஒரு ஃபோல்டர், பக்கத்திலேயே நம்பர்.

அவருக்கு வந்ததில், “என் புது நம்பர். நம்ம பொண்ணு படம் பாருங்க” என்றிருந்தது. திறந்திருக்கிறார். அந்தப் படம் வந்திருக்கிறது. அதற்குள் போன் அவர் சொன்னதைக் கேட்பதை நிறுத்திவிட்டு, அவருடைய ஆபீஸ்காரர்கள், சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அதை அனுப்ப ஆரம்பித்துவிட்டது. உனக்கும் வந்திருக்கும். நீ திறந்திருக்க மாட்டாய்.

அவரைப் பார்த்ததும் வாசலில் இருந்த பெண்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். நான் கேட்டுக்கொண்டபடி. அந்த மௌனத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

“இவங்க எல்லாருக்கும் தெரியுமா?” என்றார்.

டீச்சர்தான் மெல்ல, “வீடு வீடா வந்து சொன்னாங்களே சார்” என்றாள்.

“என் வீட்டுக்கு வரலையே” என்றார்.

நான் நெஞ்சைப் பிடித்துக்கொள்வாரோ என்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிடித்துக்கொள்ளவில்லை. மகளிடம் போனார். அவள் சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். “பார்த்த உடனே இது நீ இல்லன்னு தெரிஞ்சுதும்மா” என்றார். “அப்புறம் ஏன் திறந்தீங்க?” என்று அவள் அழுதாள். “உன் அம்மா பேர்ல வந்துது. உன் அம்மா அனுப்பினதை நான் எதுக்குச் சந்தேகப்படணும்?” என்றார்.

வாசலில் இருந்தவர்களை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

அவருக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் மகளின் போனிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். “என் பொண்ணு படம்னு ஒண்ணு வந்திருக்கும். பொய்ப் படம். என் போன் திருட்டுப் போயிடுச்சு. அழிச்சிடுங்க.” சிலர் ஏற்கெனவே பார்த்துவிட்டதாகச் சொன்னார்கள். சொல்லாமல் பார்த்தவர்கள் எத்தனை பேரோ. மேலதிகாரி ஒருவர் ஏதோ கேட்டுச் சிரித்திருக்க வேண்டும், பட்டென்று போனை வைத்தார். பிறகு அடுத்த நம்பரைப் போட்டார். நடுவில் நிறுத்தவே இல்லை. இடையில் அவரை இழுத்துக்கொண்டு போய் டாக்டரிடமும் காட்டினேன். ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, மற்றபடி பரவாயில்லை என்றார்.

வீட்டுக்கு வந்ததும், “எனக்கு நெஞ்சுலதான் அடைப்பு. காதுல இல்ல” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மகள் நாளைக்கு வகுப்புக்குப் போகிறேன் என்கிறாள். யார் பார்த்திருப்பார்கள், யார் பார்க்காதது மாதிரி நடிப்பார்கள் என்று எனக்கு இப்போதே உடம்பு கூசுகிறது. படம் எங்கெங்கே போய்க்கொண்டிருக்கிறதோ, அதற்கு வயர் ஒன்றும் இல்லை பிடுங்க. பயம் போகவில்லை வாலு. போகும் என்றும் தோன்றவில்லை.

இன்று காலை டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி வைத்துவிட்டு, “இன்னும் என்கிட்ட என்னென்ன சொல்லல?” என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஒரு வருடப் பழக்கம் இல்லையா? விழுங்கிவிட்டு, “நிறைய இருக்கு” என்றேன்.

“சரி, சொல்லு” என்று எதிரில் இருந்த நாற்காலியைக் காட்டினார். மகளும் வந்து தரையில் உட்கார்ந்தாள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், “எனக்கு ரொம்பப் பயமா இருக்குங்க” என்றேன்.

“எனக்கும்தான்” என்றார் அவர்.

அண்ணி